சங்கிலி கேட்காத கயிறு

பாக்சோங் மலைச்சாலை ஓரத்தில் அன்று இருபது லாரிகளாவது நின்றன. எல்லாம் பொக்லைனையும் ரோடு ரோலரையும் டிரெய்லரில் ஏற்றி இழுக்கும் வண்டிகள். ஆசான் கம்சிங் மந்திரித்த வெள்ளைக் கயிற்றைக் கட்டினால் போதுமாம். எப்பேர்ப்பட்ட இயந்திரமும் இம்மி நகராதாம். கயிறு விலை இரண்டாயிரம் பாட் பணம். கயிற்றைக் காக்கும் பூதங்களுக்குப் படைக்கச் சிவப்பு சோடா தனி. பூதங்களுக்கு ஏன் இத்தனை தாகம் என்று ஒருவரும் கேட்கவில்லை.

டிரெய்லர் ஓட்டும் புவாபான் கயிறு வாங்க வரவில்லை. போன வாரம் அவள் தம்பி நிரன் அந்தக் கயிற்றை நம்பி, பொக்லைனைக் கட்டியிருந்த சங்கிலியைக் கழற்றிவிட்டான். இறக்கத்தில் பிரேக் அடித்ததும் பொக்லைன் முன்னால் சறுக்கி அவன் உட்கார்ந்திருந்த ஓட்டுநர் அறையை நசுக்கியது. குதித்ததால் உயிர் தப்பியது, கால் ஒடிந்தது. 'நம்பிக்கை போதவில்லை' என்று ஆஸ்பத்திரிக்கே சொல்லியனுப்பினார் ஆசான். கருணைதான்!

ஆசான் வேடிக்கை காட்டினார். டிரெய்லர்மேல் பத்து டன் ரோலர். அடியைச் சுற்றி மஞ்சள் பட்டு, மேலே ஒற்றைக் கயிறு. சீடன் வண்டியை விரட்டிச் சடாரென்று நிறுத்தினான். ரோலர் அசையவில்லை. கூட்டம் கும்பிட்டது.

புவாபான் நேரே போய்ப் பட்டுத்துணியைத் தூக்கினாள். நாலு மூலைக்கும் நாலு சங்கிலி, முறுக்கி இறுக்கியிருந்தது. உருளைக்கு முட்டுக்கட்டை வேறு.

"இது என்ன ஆசானே?"

"அது... பூதம் கட்டின சங்கிலி, தங்கச்சி!"

"கெட்டிக்காரப் பூதம். நான் கட்டுற மாதிரியே கட்டியிருக்கே!"

"ஆசானைச் சந்தேகப்படாதக்கா, வாய் கோணிக்கும்" என்றான் ஒரு லாரிக்காரன்.

"சரி, சந்தேகப்படல. ஆசானோட புதுக் காரை என் டிரெய்லர்ல ஏத்துவோம். ஹேண்ட் பிரேக், கட்டை, சங்கிலி எதுவும் வேணாம். அவர் கயிறு மட்டும் போதும். அவரே உள்ள உக்காரட்டும். நான் ஓட்டுறேன்."

கூட்டத்துக்குக் குஷி. ஆசான் "இன்னைக்கு நேரம் சரியில்ல" என்று முனகுவதற்குள் காரை ஏற்றி, அவரையும் உள்ளே தள்ளி, ஒன்றுக்கு மூன்றாகக் கயிறு கட்டினார்கள்.

புவாபான் வண்டியை எடுத்தாள். பட், பட், பட்! மூன்றும் அறுந்தன. கார் பின்னால் உருண்டு, டிரெய்லரின் கடைசியில் தூக்கி நிறுத்தியிருந்த ஏற்றப் பலகையில் மடாரென்று முட்டி நின்றது.

"ஐயோ! சங்கிலியப் போடுங்கடா! நாலு பக்கமும் போடுங்க!" ஆசானின் அலறல் மலையில் எதிரொலித்தது.

புவாபான் இறங்கிவந்து சங்கிலியை எடுத்தாள்.

"கேட்டீங்களா? கயிறு வித்தவரே சங்கிலி கேக்குறாரு. இத்தனை நாளா மெஷினை அவுத்துவிட்டு மூளையைக் கட்டி வச்சிருந்தீங்க. இனிமேலாவது மாத்திக் கட்டுங்க!"