துல்லியமாகக் கேட்பவர்

துல்லியக்காரர் என்று ஓர் இனம் உண்டு. பாட்டுக் கேட்கச் சொன்னால் பாட்டைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கேட்பவர்கள். பாடகி மூச்சு இழுத்தது, வயலின்காரரின் நாற்காலி முனகியது, பதிவறையில் யாரோ தொண்டையைச் செருமியது எல்லாம் இவர்கள் காதில் விழும். பாட்டு சோகமா, சந்தோஷமா என்று கேட்டால் மட்டும் விழிப்பார்கள். பார்த்ததில்லையா? வில்லியனூர் ராஜேஷ்குமாரைப் பாருங்கள்.

அப்பா வைத்துவிட்டுப் போன பெயின்ட் கடை அவருக்கு. ஆனால் கவனமெல்லாம் கல்லாவுக்குக் கீழே இருக்கும் மூன்று பழைய ஹெட்போன்களில். மூன்றும் ஒரே கம்பெனி, ஒரே மாடல், காதை முழுக்க மூடிக்கொள்ளும் ரகம். முதல் வெர்ஷன் அவர் பிறப்பதற்கு முன்னால் வந்தது. இரண்டாவதில் ஒயரை மாற்றினார்கள், மூன்றாவதில் குஷனை. ஒன்றை மாட்டிக் கண்ணை மூடுவார், கழற்றுவார், அடுத்ததை மாட்டுவார், மறுபடி அதே பல்லவி. "மொதல் வெர்ஷன் உண்மையச் சொல்லும், ரெண்டாவது மழுப்பும், மூணாவது பொய் சொல்லும்" என்பது தீர்ப்பு. இப்படித் தீர்ப்பு எழுதிக்கொண்டிருந்த ஒரு காலையில், எனாமல் கேட்ட சேதராப்பட்டுக்காரருக்கு டிஸ்டெம்பர் போய்ச் சேர்ந்தது. திரும்பி வந்து அவர் திட்டியதும் ராஜேஷ்குமாருக்குக் கேட்கவில்லை. மூடுவதில் முதல் வெர்ஷனுக்கு நிகர் கிடையாது.

அவர் மனைவி கார்த்திகாவுக்கு நல்ல குரல். பாண்டியில் ஒரு ஸ்டுடியோ குழந்தைகளுக்குக் கதை வாசிக்க ஆள் எடுக்கிறது, வெள்ளிக்கிழமைக்குள் ஒரு கதையைப் பதிந்து அனுப்பு என்று தோழி மஞ்சுளா சொன்னாள். கல்யாணத்துக்குப் பிறகு கார்த்திகா தனக்கென்று ஆசைப்பட்ட முதல் காரியம் அது. போனில் பதிந்து கணவரிடம் நீட்டினாள். வீட்டிலேயே நிபுணர் இருக்கும்போது வேறு யாரிடம் காட்டுவாள்?

நிபுணர் மூன்று வெர்ஷனிலும் கேட்டார்.

"இடது பக்கம் மூடனாப்ல கீது."

"போன்ல பேசனது ரெண்டு பக்கமும் ஒன்னாத்தானங்க கேக்கும்?"

"சாதாரணக் காதுக்கு அப்படித்தான் கேக்கும். மறுபடியும் பேசு."

ஃபேனை நிறுத்தி, ஜன்னலை அடைத்து, வியர்க்க வியர்க்கப் பேசினாள். மூடியே இருந்தது. பீரோவைத் திறந்து புடவைகளுக்குள் தலையை விட்டுக்கொண்டு பேசினாள். அப்போதும் மூடியே இருந்தது.

"கதை எப்படிங்க இருந்துச்சு?"

"கதையா? அத யாரு கவனிச்சா."

வெள்ளிக்கிழமை போயே போய்விட்டது. கார்த்திகா போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அரிசி களையப் போனாள். அதன்பிறகு வீட்டில் அவள் பேச்சே குறைந்துபோனது. முனகிய நாற்காலியைக் கண்டுபிடித்தவருக்கு இது மட்டும் தெரியவில்லை.

அடுத்த வாரம் அவருக்கு இடது காதில் வலி. கார்த்திகாதான் டாக்டரிடம் அழைத்துப் போனாள்.

"எவ்ளோ நாளா இந்தக் காது கேக்கல?" என்றார் டாக்டர்.

"எனக்கு நல்லாவே கேக்குது சார். சொல்லப்போனா மத்தவங்கள விட..."

"அசையாதீங்க."

கொண்டைக்கடலை அளவுக்குக் குறும்பி வந்தது. தட்டில் அது விழுந்த சத்தம் இடது காதில் வெகு துல்லியமாகக் கேட்டது. மாசக்கணக்கா அடைச்சிருந்திருக்கும் என்றார் டாக்டர்.

கார்த்திகா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே வந்ததும், "அப்ப என் குரல்ல ஒரு கோளாறும் இல்ல" என்றாள்.

"வண்டில ஏறு. கடைக்கு நேரமாச்சு."

கடைக்குப் போனவர் மூன்றாவது வெர்ஷனை மாட்டினார். ஆகா, என்ன தெளிவு. உடனே தன்னைப் போன்றவர்கள் கூடியிருக்கும் வாட்ஸ்அப் குழுவுக்குக் குரல்பதிவு போனது: "நண்பர்களே, மூணாவது வெர்ஷனப் பத்தித் தப்பா சொல்லிட்டன். ஓட ஓடத்தான் அது பழகுது. இன்னிக்கி இடது பக்கம் அப்படியே தொறந்துடுச்சு."

தனக்கும் அப்படித்தான் திறந்தது என்று பலர் எழுதினார்கள். ஒருவர் தன் முதல் வெர்ஷனை விற்கவே கிளம்பிவிட்டார்.

சாப்பாடு கொண்டுவந்த கார்த்திகா வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் கேட்டாள். சாப்பாட்டைக் கல்லாமேல் வைத்துவிட்டுத் திரும்பினாள். வீட்டுக்குப் போய், முதன்முதலில் பேசிய பதிவைத் தேடி எடுத்து, நாள் கடந்தால் கடக்கட்டும் என்று மஞ்சுளா மூலம் அனுப்பினாள். இந்தத் தடவை யாரிடமும் காட்டவில்லை. ஸ்டுடியோவிலிருந்து கூப்பிட்டார்கள்.

முதல் நாள் வேலை முடிந்து அவள் பஸ்ஸைவிட்டு இறங்கி வந்தபோது, கடையிலிருந்தபடியே ராஜேஷ்குமார் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அங்க இன்னா ஹெட்போன் வெச்சிருக்காங்க?"

"கேக்கலங்க" என்று சொல்லிவிட்டுக் கார்த்திகா வீட்டைப் பார்த்து நடந்தாள்.

நீங்கள் சிரிப்பது தெரிகிறது. போன வாரம் விருந்துக்குப் போன இடத்தில், பாயசத்தை வழித்துக் குடித்துவிட்டு ஏலக்காய் கொஞ்சம் தூக்கல் என்றது யார்? மகள் ஆசையாக யானை வரைந்து காட்டியபோது, கால் ஒன்று குட்டையாக இருக்கிறது என்றது யார்? அதெல்லாம் நீங்கள் இல்லையா? நல்லது. இதைப் படிக்கும்போது எங்காவது ஓர் ஒற்று விட்டுப்போயிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தீர்களா இல்லையா, அதை மட்டும் சொல்லிவிடுங்கள்.