வெண்டலுக்குத் தெரிந்த வைத்தியம்

“நான் டாக்டர் இல்லம்மா” என்று வெண்டல் ப்ரூவிட் மூன்றாவது முறையாகச் சொல்லி முடிப்பதற்குள், நடீன் அவருக்கு வெள்ளைக் கோட்டின் இரண்டாவது கையையும் மாட்டிவிட்டாள்.

“எனக்குத் தெரியும் சார். எங்கப்பாவுக்குத் தெரியாது. அது போதும்.”

கண்ணுக்குச் சொட்டு மருந்து வாங்க பர்பேங்க் ஆஸ்பத்திரிக்கு வந்தவர் வெண்டல். நாற்பது வருஷத்தில் நீதிபதி, பாதிரியார், கழுத்தை நெரிக்கும் கொலைகாரன் என்று கேட்ட வேஷமெல்லாம் போட்டவர். நடுவில் எட்டு வருஷம் தொலைக்காட்சியில் டாக்டர்.

நடீனின் அப்பா ராஸ்கோவுக்குப் பித்தப்பையில் சீழ். பன்னிரண்டு மணிக்குள் அறுக்காவிட்டால் பிழைப்பது கஷ்டம் என்று சொல்லிவிட்டார்கள். மனிதர் காலையிலிருந்து சம்மதக் காகிதத்தில் கையெழுத்துப் போட மறுத்துக்கொண்டிருந்தார். கதவு வழியே வெண்டலைப் பார்த்தவர், “அதோ போறாரே, அவரைக் கூட்டிட்டு வா. அப்புறம் பாக்கலாம்” என்றாராம். கிழவருக்கு புத்தி தடுமாறிவிட்டது, தொடரில் வந்தவரை அசல் டாக்டர் என்று நம்புகிறார் என்பது மகளின் முடிவு.

அறுவை செய்யவேண்டிய இளம் டாக்டரம்மா இதைத் தடுப்பாள் என்று வெண்டல் எதிர்பார்த்தார். அவளோ, அவரைப் பார்த்துத்தான் தான் வைத்தியம் படிக்கப் போனதாகச் சொல்லி, பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

வெண்டலுக்கு நெஞ்சு உறுத்தியது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குத் தவறாதவர். சம்பளம் வாங்கிக்கொண்டு பொய் சொல்வது தொழில். சாகக் கிடப்பவரிடம் சும்மா சொல்வது பாவம். ஆனாலும் நடீன் கோட்டுப் பொத்தானை மாற்றி மாற்றிப் போடுவதைப் பார்த்த பிறகு திரும்பிப் போக மனசு வரவில்லை.

கட்டிலருகே நின்றார். எட்டு வருஷ வசனத்தில் ஒன்றே ஒன்றுதான் நினைவுக்கு வந்தது. கனத்த குரலில் சொன்னார்:

“எங்களால முடிஞ்சதெல்லாம் செஞ்சு பாத்துட்டோம்.”

நடீன் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

சரிக்கட்டுவதற்காகப் பாதிரியார் குரலுக்குத் தாவினார். இதமான குரல்தான். ஆனால் பாதிரியாராக அவரை எப்போதும் கல்லறைத் தோட்டத்துக்குத்தான் கூப்பிட்டிருந்தார்கள். பெட்டியைக் குழிக்குள் இறக்கும் ஜெபம்வரை போன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

பாக்கி இருந்தது நீதிபதி. “கையெழுத்துப் போடுங்க” என்று கட்டில் கம்பியில் ஓங்கித் தட்டினார். பேனா எகிறி அடுத்த கட்டிலுக்கு அடியில் போய் விழுந்தது. குனிந்து எடுத்து நிமிர்ந்தவரின் முகத்தை அந்தக் கட்டில் அம்மாள் கிட்டத்தில் பார்த்தாள். இரண்டு கையாலும் கழுத்தைப் பொத்திக்கொண்டவள், ஒரு கையை எடுத்து மணியை அழுத்தினாள்.

ஓடிவந்த நர்ஸிடம், “ஒம்பது பொண்ணுங்களைக் கொன்ன ஆளு” என்று காட்டினாள்.

நர்ஸ் உற்றுப் பார்த்தாள். ஆமாம், அவரேதான் என்றாள். பிறகு, பத்தாவது பெண் தப்பித்தாளா இல்லையா என்று வெண்டலிடமே கேட்டாள்.

மணி பதினொன்றே முக்கால்.

வெண்டல் வெள்ளைக் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டார். அடுத்து வந்தது யாருமே கூலி கொடுத்துக் கேட்டிராத, அவருடைய சொந்தக் குரல். கொஞ்சம் கம்மலாக இருந்தது.

“ஐயா, நான் டாக்டர் இல்ல, நடிகன். வைத்தியத்துல ஒண்ணும் தெரியாது. உங்க பொண்ணு பயந்துபோயிருக்கு. எனக்கும் பயமாத்தான் இருக்கு. உள்ள கொண்டுபோற வரைக்கும் வேணா உங்க கையைப் பிடிச்சிட்டு நிக்கறேன்.”

ராஸ்கோ கையை நீட்டினார். பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். நடீன் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். ஏமாற்றப் பார்த்ததற்கு மன்னிக்கச் சொல்லி, வெண்டல் ராஸ்கோவின் கையைப் பிடித்துக்கொண்டார். கை பனிக்கட்டியாக இருந்தது.

“நான் எங்க ஏமாந்தேன் வெண்டல்?” என்றார் ராஸ்கோ. “உங்க தொடர்ல மொத வாரம் ஆபரேஷன் மேஜையில செத்ததே நான்தான். பொணத்துக்கும் குளிரும்னு தோணி, போர்வை கேட்டு வாங்கிப் போத்தின ஒரே டாக்டர் நீங்கதான். இங்க காலையிலேர்ந்து கேக்கறேன், ஒருத்தரும் தரல. நீங்க சொன்னா தருவாங்கன்னுதான் கூப்பிட்டேன்.”