தூக்குமரத்தாரின் தாடி

சலூன்காரர் ஷரிபுதீனுக்குப் பன்னிரண்டு வருஷமாக ஒரு மனக்குறை. பெரிய குறையல்ல. எழுதிப் பார்த்தால் இரண்டே எழுத்து: 'உம்.'

அந்த 'உம்' எங்கிருந்து வந்தது என்று சொல்வதற்கு முன்னால், அதைச் சொன்னவர் எந்த இனத்து ஆள் என்பதைச் சொல்லிவிட வேண்டும். இவர்களுக்குத் தூக்குமரத்தார் என்று பேர். நாம் வைத்த பேர்தான், அரசாங்கப் பதிவில் தேடாதீர்கள். கல்முனையில் மட்டும் விளைகிற சரக்கு என்றும் நினைக்காதீர்கள். குந்துவதற்கு ஒரு கதிரையும், கேட்பதற்கு ஒரு காதும், முதல் நாள் பேப்பரும் எங்கே இருக்கின்றனவோ அங்கெல்லாம் இவர்கள் இருப்பார்கள். தேத்தண்ணிக் கடையில், பஸ்ஸில், மையவாடிக்குப் போய்த் திரும்பும் வழியில், இப்போது கொஞ்சக் காலமாக எல்லோருடைய போனுக்குள்ளும். கோட்டில் ஆறு வருஷம் இழுபடுகிற வழக்கை இவர்கள் பிளேன்டீ ஆறுவதற்குள் முடித்துவிடுவார்கள். முடிவு ஒன்றுதான்.

"தூக்கணும்!"

ஷரிபுதீனின் கடைக்கு வாய்த்த தூக்குமரத்தார் மீராமுகைதீன் ஹாஜியார். வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வருவார். கதிரையில் அமர்வார். கழுத்தில் துணி கட்டப்படும். மார்பு வரை தொங்கும் தாடிக்கு மருதோண்டி வைக்கச் சொல்வார். ஊரில் அப்படிச் சிவந்த தாடி இன்னொன்று கிடையாது, அது ஷரிபுதீனின் கைவண்ணம். பிறகு பேப்பரை விரித்து, முதல் பக்கத்தில் இருப்பவர்களைத் தூக்குவார். அடுத்த பக்கத்தில் இருப்பவர்களைத் தூக்குவார். ஆடு களவெடுத்தவன், ஐஸ் போதைத்தூள் விற்றவன், பாலத்தைக் கட்டி முடிக்காமல் ஓடிய கொந்தராத்துக்காரன், ஒருவனும் தப்ப முடியாது. விளையாட்டுப் பக்கம் வந்தால்தான் கொஞ்சம் மூச்சு விடலாம். அதிலும் இலங்கை தோற்றிருந்தால் சொல்ல முடியாது.

வழக்கு விசாரிக்கிற முறையும் அவருக்கென்று ஒன்று உண்டு. "பொலிசு என்ன பைத்தியமா, சும்மா புடிக்க?" என்பது குற்றப்பத்திரிகை. "வக்கீல்மார்தான் நாட்டக் கெடுத்த" என்பது எதிர்த்தரப்பு வாதம். சாட்சி வேண்டுமே என்று யாராவது இழுத்தால், பேப்பரில் உள்ள படத்தைத் தட்டிக்காட்டுவார்.

"முகத்தப் பாத்தாத் தெரியல்லியா?"

அவ்வளவுதான். முகத்தைப் பார்த்தால் தெரியும்.

கிட்டத்தட்ட ஐம்பது வருஷமாக இந்த நாட்டில் தண்டனை எழுதுகிறார்களே தவிர ஆளைத் தூக்குவதில்லை என்பது ஹாஜியாருக்கு ஆறாத துக்கம். ஒரு வெள்ளிக்கிழமை, தூக்குப் போடுகிற வேலைக்கு ஆள் தேடுகிறார்கள் என்ற செய்தியைக் கண்டதும் கதிரையிலேயே துள்ளிவிட்டார்.

"ஷரிபு, உனக்குத் தோதான வேல ஒண்டு கிடக்குடா. அலுகோசு வேல. கவுமேந்து உத்தியோகம், பென்சனும் இரிக்கி. உண்ட கை நடுங்காதே."

"எனக்கு இந்தக் கத்தி போதும் ஹாஜியார். நீங்க போடுங்களன். ஆசப்படுற ஆள் நீங்கதானே."

"அஸ்தஃபிறுல்லாஹ்! நான் கோழி அறுக்கிறதையே நிண்டு பாக்கமாட்டன்டா."

கவனித்தீர்களா? இதுதான் இந்த இனத்தின் முதல் அடையாளம். கயிறு இவருடையது, கை இன்னொருவனுடையது. இரண்டாவது அடையாளம், சொந்தக்காரர் என்று வந்தால் கயிறு ரப்பராகிவிடும். ஹாஜியாரின் மருமகன் வேனைக் கொண்டு போய் ஒரு சைக்கிள்காரரை மோதியபோது, "அது அல்லாஹ்ட நாட்டம், ஆரையும் குத்தம் சொல்லப்படா" என்றார். தானே ஹெல்மெட் போடாமல் பிடிபட்டபோது, "தொழத்தானே பள்ளிக்குப் போன, இதுக்கெல்லாமா சட்டம்?" என்றார். மன்னிக்கிறவனுக்கும் மார்க்கத்தில் பெரிய இடம் உண்டென்று ஜும்ஆவில் மௌலவி சொன்னாரே என்று ஷரிபுதீன் ஒருநாள் கேட்டுப் பார்த்தார். அன்றைக்குத் தனக்குக் காதில் தண்ணீர் போயிருந்ததாக ஹாஜியார் சொல்லிவிட்டார்.

இனி அந்த 'உம்'முக்கு வருவோம்.

பதின்மூன்று வருஷத்துக்கு முன்னால், வயல் வட்டையில் தண்ணீர்ப் பம்புக்குக் காவலிருந்த மனிதரை யாரோ அடித்துப் போட்டுவிட்டுப் பம்பைக் கொண்டுபோய்விட்டார்கள். மூன்றாம் நாள் அவர் ஆஸ்பத்திரியில் மௌத்தாகிவிட்டார். முந்தின பொழுது அந்தப் பக்கம் உழவு மெசின் ஓட்டியவன் ஷரிபுதீனின் தம்பி அஸ்கி. பொலிஸார் அவனைப் பிடித்தார்கள். பிடித்த மறுநாள் வெள்ளிக்கிழமை. ஹாஜியார் வந்தார். அமர்ந்தார். துணி கட்டப்பட்டது. கழுத்தை நன்றாக நீட்டிக்கொடுத்துச் சொன்னார்:

"தம்பியெண்டும் பாக்கப்படா ஷரிபு. தூக்கணும்."

அந்தக் கத்தி அன்றைக்கு அந்தக் கழுத்தில் எவ்வளவு நேரம் நின்றது என்பது ஷரிபுதீனுக்கும் படைத்தவனுக்கும்தான் தெரியும். பிறகு நகர்ந்தது. தாடி வழமைபோல அழகாகவே வந்தது.

அஸ்கி பதினாலு மாதம் விளக்கமறியல் சிறையில் கிடந்தான். பதினைந்தாம் மாதம் அந்தப் பம்பை விற்கப் போன இடத்தில் வேறொருவன் மாட்டினான். தானே செய்தேன் என்று ஒத்துக்கொண்டான், அடித்த தடியையும் எடுத்துக் கொடுத்தான். கோடு அஸ்கியை விட்டுவிட்டது. ஷரிபுதீன் வெள்ளிக்கிழமைக்காகக் காத்திருந்தார். துணியைக் கட்டும்போதே சொன்னார்:

"ஹாஜியார், தம்பிய விட்டுட்டாங்க. செஞ்சவன் வேற ஆளாம். ஒத்துக்கிட்டானாம்."

ஹாஜியார் பேப்பரிலிருந்து தலையை எடுக்கவில்லை.

"அப்படியா? அப்ப அவனையும் தூக்கணும்."

அவனை என்று சொல்லியிருந்தால் கதை அன்றைக்கே முடிந்திருக்கும். அவனையும் என்றார். அந்த 'உம்'முக்குள்ளே அஸ்கி இன்னும் தொங்கிக்கொண்டிருக்கிறான். நினைத்துப் பாருங்கள்: ஹாஜியாரின் கயிறு நிஜக் கயிறாக இருந்திருந்தால், உண்மைக் கள்ளன் பிடிபடுவதற்குப் பதினாலு மாதம் முந்தியே அஸ்கியின் கதை முடிந்திருக்கும். அப்போது அந்த 'உம்' இலக்கணப்படி முழுக்கச் சரியாக இருந்திருக்கும்.

கோடு மாற்றி எழுதியது. ஹாஜியார் மாற்றவில்லை. தூக்குமரத்தார் எவரும் மாற்றியதாகச் சரித்திரம் இல்லை. அவர்களுடைய தீர்ப்புக்கு அப்பீல் கேட்க எந்தக் கந்தோருக்குப் போவது? அஸ்கிக்கு மூன்று இடத்தில் கலியாணம் பேசினார்கள். மூன்று இடத்திலும் பெண் வீட்டார் ஒரே பதிலைச் சொன்னார்கள்: "கோடு விட்டது சரிதான். ஆனாலும்..." அங்கேயும் ஒரு 'உம்.' அவன் கத்தாருக்குப் போய்விட்டான். பஸ் ஏறும்போது தன் காக்கா ஷரிபுதீனின் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றைத்தான் கேட்டான்.

"காக்கா, கடைக்கு வாற ஆக்களிட்ட ஒருக்காச் சொல்லுங்க, நான் செய்யல்ல எண்டு."

ஷரிபுதீன் அன்றிலிருந்து சொல்லிக்கொண்டு வருகிறார். எல்லோரும் "ஓம் ஓம்" என்கிறார்கள். கழுத்தில் கத்தி இருக்கும்போது யார்தான் இல்லை என்பார்கள்?

இப்படி இருக்கையில்தான் போன மாதம் ஒரு பழைய இரும்பு வியாபாரியை அவருடைய கடைக்குள்ளேயே குத்திக் கொன்றுவிட்டார்கள். அந்த நேரம் தெருவால் போன ஐஸ்கட்டி வியாபாரி பர்ஸான், சிவப்புத் தாடி வைத்த ஒருவர் வெளியே ஓடியதைக் கண்டதாகச் சொன்னார். பொத்துவில் பக்கத்து லொறிக்காரர் ஒருவர் பிடிபட்டார். அவருக்கும் மருதோண்டித் தாடி. போனில் படம் வந்த பத்தாவது நிமிஷம் ஹாஜியார் தீர்ப்பை வாசித்துவிட்டார். கடையில் தலைக்குச் சோப்புப் போட்டிருந்தவர்களும் கேட்டார்கள்.

"முகத்தப் பாத்தாத் தெரியல்லியா? இவனத் தூக்கணும்!"

அடுத்த கிழமை ஹாஜியார் கோட்டுக்குப் போனார். கொலை வழக்குக்கு அல்ல, தன்னுடைய ஹெல்மெட் வழக்குக்கு. அன்றைக்குத்தான் லொறிக்காரருக்கு அடையாள அணிவகுப்பு. உங்களுக்குத் தெரிந்திருக்கும்: பிடிபட்டவரை, பார்வைக்கு அவரைப்போல உள்ள வேறு சிலரோடு சேர்த்து வரிசையில் நிறுத்துவார்கள். கண்ட சாட்சி வந்து ஆளைத் தொட்டுக்காட்ட வேண்டும். சேர்ந்து நிற்கிறவர்களைக் கோட்டு வளவில்தான் பொறுக்குவார்கள். தாடிக்காரர் எட்டுப் பேர் கிடைத்தார்கள், ஆனால் சிவந்த தாடி ஒன்றும் கிடைக்கவில்லை. ஆள் பொறுக்குகிற கோட்டு முதலியார் வெளியே வந்து எட்டிப் பார்த்தார். வாகை மரத்தடியில், வெயில் பட்டு, ஷரிபுதீனின் கைவண்ணம் மினுங்கிக்கொண்டிருந்தது.

"ஹாஜியார், நீதிக்கு ஒரு உதவி."

நீதி தன்னைக் கூப்பிடுகிறது என்றதும் ஹாஜியார் தொப்பியைச் சரிபார்த்துக்கொண்டு எழும்பினார்.

உள்ளே நடந்ததை ஷரிபுதீன் கண்ணால் காணவில்லை. அன்று பின்னேரத்துக்குள் ஏழு பேர் வந்து ஏழு விதமாகச் சொன்னார்கள், ஏழு பேரும் பக்கத்திலேயே நின்றதாகவும் சொன்னார்கள். ஏழிலும் ஒத்துப்போனதை மட்டும் இங்கே தருகிறோம்.

வரிசையில் எந்த இடத்தில் நிற்பது என்பதைப் பிடிபட்டவரே தீர்மானிக்கலாம். லொறிக்காரர் வரிசையை ஒருமுறை பார்த்தார். நேரே வந்து ஹாஜியாருக்கு வலப்பக்கம் நின்றுகொண்டார். அவருடைய கை நடுங்கியது. பேச்சுக்காக என்னவோ ஒன்றைக் கேட்டார்.

"நல்ல சிவப்பு ஹாஜியார். ஆரு வெச்ச?"

"கல்முனையில, நம்மட ஷரிபு," என்றார் ஹாஜியார், தான் தூக்கச் சொன்ன ஆளே பக்கத்தில் நிற்பதை மறந்து.

பர்ஸான் வந்தார். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்தார். திரும்பி வந்தார். லொறிக்காரருக்கு முன்னால் நின்றார், ஹாஜியாருக்கு முன்னால் நின்றார், கையை நீட்டினார். ஹாஜியாரின் தோளைத் தொட்டார்.

"இவருதான்."

"வடிவாப் பாத்துச் சொல்லுங்க," என்றார் நீதவான்.

"முகத்தப் பாத்தாத் தெரியல்லியா, சேர்?"

"டேய்!" ஹாஜியாரின் சத்தம் வீதிவரை கேட்டதாம். "நான் ஹெல்மெட்டுக்கு வந்தவன்டா!"

சட்டத்தில் இதற்கு ஒரு பொருளும் இல்லை. நீதவான் குறித்துக்கொண்டார், ஹாஜியாருக்கு நன்றி சொன்னார், வீட்டுக்குப் போகச் சொன்னார். ஆனால் ஊர் என்பது சட்டம் படித்த இடமா? மறுநாள் சலூனுக்குப் பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் றஸாக் அவரைக் கண்டதும், "ஹாஜியார், பிளேன்டீ போடட்டா, கடைசி ஆச ஏதும் இரிக்கா?" என்று கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். ஹாஜியாரும் சிரித்தார். மூன்றாம் நாள் ஒருவர் சிரிக்காமல், "சும்மா தொடுவானா?" என்றார். நான்காம் நாள் பள்ளிவாசலில் செருப்பு மாட்டும்போது, அவர் பின்னால் நிற்பது தெரியாமல் இரண்டு பேர் கதைத்தார்கள்.

"பொத்துவில்காரனத் தூக்கணும்தான்."

"அப்ப ஹாஜியாரையும்..."

அந்த 'உம்' ஹாஜியாரின் காதில் விழுந்தது. அன்றைக்கு அந்தக் காதில் தண்ணீர் இருக்கவில்லை.

வெள்ளிக்கிழமைவரை அவர் பொறுக்கவில்லை. செவ்வாய்க்கிழமை, லுஹர் தொழுகைக்கு எல்லோரும் போன நேரமாகப் பார்த்து, கடைக்குள் பதுங்கி வந்தார். பேப்பரை எடுக்கவில்லை. கதிரையில் அமர்ந்தார்.

"தாடியச் சின்னதாக்கு. சிவப்புத் தெரியப்படா."

"முழுக்க எடுத்துடவா?"

"எடுக்க ஏலுமாடா? பள்ளிக்குப் போகணும். சிவப்ப மட்டும் எடு."

ஷரிபுதீன் துணியைக் கட்டினார். அவர் கத்தியைத் தீட்டுகிற நேரத்துக்குள் உங்களோடு ஒரு வார்த்தை.

இவ்வளவு நேரமும் ஹாஜியாரைப் பார்த்துச் சிரித்தீர்கள். நல்லது. அந்த லொறிக்காரர் கொலை செய்தாரா, இல்லையா? நாம் சொல்லவில்லை. நமக்குத் தெரியாது, வழக்கு இன்னும் நடக்கிறது, அவர் இன்னும் உள்ளேதான் இருக்கிறார். ஆனால் நீங்கள் தீர்மானித்துவிட்டீர்கள். பொய் சொல்ல வேண்டாம். அவருடைய கை நடுங்கியது என்று வாசித்தீர்களே, அந்த இடத்தில் ஒரு முடிவுக்கு வந்தீர்கள். சிலர் அவனேதான் என்றீர்கள், சிலர் ஐயோ பாவம் என்றீர்கள். யாரும் கோட்டுக்குப் போகவில்லை, சாட்சி கேட்கவில்லை, முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. கழுத்தை ஒருமுறை தடவிப் பாருங்கள். துணி கட்டியிருக்கப் போகிறது.

கத்தி தீட்டியாகிவிட்டது. ஹாஜியார் கண்ணாடியைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். சிவந்த மயிர் துணியில் கொத்துக் கொத்தாக விழுந்தது.

"ஷரிபு."

"ஓம்."

"உண்ட கடைக்கு நாலு ஊராளும் வாற. ஒருக்காச் சொல்லு மனே, நான் செய்யல்ல எண்டு."

கத்தி நின்றது. பதின்மூன்று வருஷத்துக்கு முன்னால் நின்ற அதே இடத்தில், காதுக்குக் கீழே இரண்டு விரற்கடை தள்ளி.

"உங்களுக்கு மட்டுமா ஹாஜியார், அஸ்கிக்கும் சேத்தா?"

வெளியே ஒரு ஆட்டோ போனது. சத்தம் தேய்ந்து கேட்காமல் போனது. கத்தி நகரவில்லை. ஹாஜியார் கண்ணைத் திறந்து ஷரிபுதீனின் முகத்தைப் பார்த்தார், கத்தியைப் பார்த்தார், மறுபடியும் முகத்தைப் பார்த்தார்.

"அவனுக்கும் சொல்லு," என்றார்.

கத்தி நகர்ந்தது. கொஞ்சத் தூரம் போனதும் அவர் தொண்டையைச் செருமினார்.

"ஆனா, முதல்ல எனக்குச் சொல்லு."