அஞ்சாளையின் சம்மதம்

மீனிடமே கருத்துக் கேட்ட பெருமை உலக ஜனநாயகத்தில் எண்ணூருக்குத்தான் உண்டு. அந்தக் கூட்டத்துக்கு நாற்காலி போட்டவன் என்ற முறையில் எனக்கும் அதில் சிறு பங்கு இருக்கிறது.

விஷயம் எளிது. நிலக்கரி இறங்குதளம் கட்ட ஒரு கம்பெனிக்கு முகத்துவாரத்துக் கற்களை மண் கொட்டி மூட வேண்டும். அந்தக் கல்லிடுக்குகளில்தான் அஞ்சாளை வாழ்கிறது. பாம்புபோல் நீண்ட, பல்லுள்ள மீன். அதே கற்களைச் சுற்றி வலை விட்டுத்தான் நெட்டுக்குப்பம் புஷ்பவல்லி வீட்டில் உலை கொதிக்கிறது. ஆகவே 'பாதிக்கப்படும் தரப்பு' என்று கம்பெனி மீனைக் கூட்டத்துக்கு அழைத்தது.

மேடையில் கண்ணாடித் தொட்டி. அதற்குள் 'நவீன மறுவாழ்விடம்', அதாவது ஒரு பிளாஸ்டிக் குழாய். கடலோரக் குப்பத்திலிருந்து கிளப்பி எர்ணாவூரில் எங்களுக்குக் கொடுத்த வீடு மாதிரியேதான்: தலை உள்ளே போனால் வால் வெளியே.

கம்பெனி ஆலோசகர் சண்முகவேல் கைகூப்பினார். "பாருங்கள், வாய் திறந்து திறந்து சம்மதம் சொல்கிறது!"

புஷ்பவல்லி எழுந்தாள். "யோவ், அது மூச்சு வுட்டுகினு கீதுய்யா!"

"மூச்சுக்கு மூச்சு சம்மதம்! எழுதிக்கொள்ளுங்கள்" என்றார் அவர், மேடையிலிருந்த அதிகாரிகளிடம்.

"அந்தக் கல்ல மூடுனா நாங்க இன்னாத்த துன்றது? மைக்க குடு சார், நானும் பேசணும்."

"பாதிக்கப்படும் தரப்பு பேசிக்கொண்டிருக்கிறதும்மா. குறுக்கே பேசுவது நாகரிகமல்ல."

சொல்லிவிட்டு, மீனின் குரல் கடைசி வரிசைக்கும் கேட்கட்டும் என்று மைக்கைத் தொட்டிக்குள் நீட்டினார். அஞ்சாளை மைக்கை விட்டுவிட்டு விரலைப் பிடித்தது.

"ஐயோ! எடுங்கய்யா! யாராவது எடுங்கய்யா!"

தரையில் உருண்ட மைக்கைப் புஷ்பவல்லி எடுத்தாள். "சும்மா இரு சார், குறுக்க பேசாத. அது சொல்லி முடிக்கட்டும்." பிறகு எங்கள் பக்கம் திரும்பி, கல்லை மூடக்கூடாது என்பதற்கு வேண்டிய எல்லாக் காரணத்தையும் மூச்சு விடாமல் சொன்னாள். நாங்கள் விசில் அடித்தோம். ஒரு நாற்காலி உடைந்தது.

கூட்ட அறிக்கை வந்தது. கற்களை மூடும் வேலை ஒத்திவைப்பு. காரணம்: 'மீனின் கடும் ஆட்சேபம்'. புஷ்பவல்லி பேசியதில் ஒரு சொல்கூட இல்லை.

அதிகாரிகளைக் குறை சொல்ல மாட்டேன். தப்பு எங்களுடையதுதான். இத்தனை வருடமாக அவர்கள் முன்னால் வாயை மட்டும்தான் திறந்தோம், ஒருமுறைகூடக் கடிக்கவில்லை.