பின்கண்ணாடி ஸ்டிக்கர்

"காலேஜ் வேணாம்பா. வெல்டிங் படிக்கப்போறேன்," என்றாள் பிரிட்டா.

வெர்லின் வாயிலிருந்த மக்காச்சோளம் பாதியில் நின்றது. மகள் தொட்டிலில் கிடந்தபோதே ஸ்டேட் யுனிவர்சிட்டி ஸ்டிக்கரைத் தன் பிக்கப் வண்டியின் பின்கண்ணாடியில் ஒட்டிய மனுஷன். வண்டிகள் மாறின, ஸ்டிக்கர் மாறவில்லை. ஒஹாயோவில் அந்த ஊருக்கே அது தெரியும்.

"உன் படிப்புக்குன்னு நான் சேர்த்த கணக்குல இருக்கிறது காலேஜ் பணம். வேற எதுக்கு எடுத்தாலும் வரி, மேல அபராதம்."

"சட்டம் மாறிடுச்சுப்பா. தொழில் பயிற்சிக்கும் வரியில்லாம எடுக்கலாம். என் பேர்ல இருக்கிற பணம்தானே? நீங்க கையெழுத்துப் போடுங்க. ஆகஸ்டுக்குள்ள கட்டலேன்னா என் இடம் போயிடும்."

பேர்தானே பிரச்சினை? குடும்பத்துக்குள் யார் பேருக்கும் மாற்றிக்கொள்ளலாம். மறுநாளே மனைவி கேலாவின் பேருக்கு மாற்றிவிட்டு நிம்மதியாகக் குறட்டை விட்டார் வெர்லின்.

விடிந்ததும் கேலா பேனாவை நீட்டினாள். "லாரி ஓட்டக் கத்துக்கப்போறேன். அந்தப் பயிற்சிக்கும் இந்தப் பணம் செல்லுமாம்."

"உனக்கு எதுக்குடி லாரி?"

"உங்க குறட்டை கேக்காத தூரத்துக்குப் போறதுக்கு."

வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டோமே என்று நொந்துபோனார். அடுத்து யார்? கேலாவின் தம்பி டஃபி. வேலை போனதிலிருந்து இவர்கள் வீட்டு அடித்தள அறையில், சோஃபாவிலேயே குடியிருப்பவன். ரிமோட் எட்டவில்லை என்றால் அதே சேனலைப் பார்ப்பான். பயிற்சி என்று சொன்னாலே கொட்டாவி விடுவான். பணம் அவன் பேரில் பத்திரமாகத் தூங்கும். அன்றே அவன் பேருக்கு மாற்றிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் விருந்தில் கேலா பாஸ்டரிடமே புகார் சொன்னாள். வெர்லினுக்கு ரோஷம் வந்துவிட்டது.

"காலேஜுக்குன்னு சேர்த்த பணம், காலேஜுக்குத்தான். எங்க வீட்ல யாரு காலேஜ் போனாலும் கண்ணை மூடிக்கிட்டுக் கையெழுத்துப் போடுறேன். நீங்கதான் சாட்சி."

"ஆமென்," என்றார் பாஸ்டர், வாயில் கோழியோடு.

பிரிட்டா உருளைக்கிழங்கு சாலட்டைக் கிளறிக்கொண்டே இருந்தாள். வெர்லினுக்குக் கொஞ்சம் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் ஊர் முழுக்க ஸ்டிக்கரைப் பார்த்திருக்கிறதே.

ஜூலைக் கடைசியில் ஒரு சாயங்காலம், எல்லாரும் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது, டஃபி அடித்தளத்திலிருந்து படியேறி வந்தான். காலில் ஷூ வேறு.

"மச்சான், ஸ்டேட் யுனிவர்சிட்டில எனக்கு சீட் கெடச்சிருக்கு. தத்துவம். ஒரு ஆறு வருஷம் ஆகும்."

வெர்லின் கரண்டியைக் கீழே வைத்தார். "உனக்கு எதுக்குடா இந்த வயசுல தத்துவம்?"

"பாஸ்டர் முன்னாடி வாக்குக் குடுத்திருக்கீங்க. ஸ்டிக்கரும் ரெடியா இருக்கு."

"டஃபி, உன் கால்ல வேணா விழுறேன்டா. இதை நிறுத்த நான் என்ன பண்ணணும்?"

எதிரே பிரிட்டா தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. டஃபி நாற்காலியில் சாய்ந்து ஷூவைக் கழற்ற ஆரம்பித்தான்.

"பணத்தை அவ பேருக்கே திருப்பி மாத்தி, வெல்டிங்குக்குக் கையெழுத்துப் போட்டுருங்க மச்சான். போட்டுட்டா நான் சோஃபாவை விட்டு எந்திரிக்கவே வேணாம்னு பிரிட்டா சொல்லியிருக்கா."