கழுதை தோண்டிய குழிக்கு ஒரு நாட்டாமை

கூப்பிடாத பஞ்சாயத்துக்குப் போய் நடுநாயகமாக உட்காரும் மனித இனம் ஒன்று உண்டு. சண்டையை விலக்கிவிடுகிறவர்களை அதில் சேர்த்துவிடாதீர்கள், அவர்கள் நல்லவர்கள். இவர்கள் வேறு. நாலு பேர் சண்டை போடாமல் இருந்தால் இவர்களுக்கு இருப்புக் கொள்ளாது. இவ்வளவு ஒற்றுமையா? அப்படியானால் எவனோ ஏமாந்துகொண்டிருக்கிறான்!

கோபிப் பாலைவனத்தில் ஆடு மேய்க்கும் தம்தின் இந்த இனத்தின் அசல் வித்து. கழுத்தில் தூரக்கண்ணாடி, கையில் மூக்குப்பொடிச் சிமிழ், வாயில் எந்நேரமும் நியாயம். அடுத்த கூடாரத்துக்கு விருந்துக்குப் போனால், வாசலில் விருந்தாளி வழக்கப்படி "நாயைப் பிடி!" என்று குரல் கொடுத்த மூச்சிலேயே, உள்ளே யார் எங்கே உட்காருவது, உப்புத் தேநீர் முதலில் யாருக்கு, எலும்புக் கறி யார் தட்டில் என்று தீர்ப்பு வழங்க ஆரம்பித்துவிடுவார். தேநீர் ஆறிப்போகும். தீர்ப்பு முடியாது.

அந்தக் கோடையில் மழை பொய்த்தது, கிணறும் வற்றியது. மிச்சம் இருந்தது, வறண்ட ஆற்றில் காட்டுக் கழுதைகள் குளம்பால் பறித்த ஒரே ஒரு குழி. தம்தினின் ஆடுகளுக்கும் அதுதான் உயிர். அந்தி சாய்ந்தால் கழுதைகள் வந்து, சரிந்த மணலைப் பறித்து, ஊறியதைக் குடித்துவிட்டுப் போகும். விடிந்தால் மான்கள். வெயில் ஏறினால் மலையிலிருந்து காட்டுச் செம்மறிகள். மத்தியானம் தம்தினின் ஆடுகள். மேய்ச்சலிலும் இதே கதைதான்: கழுதை புல்லைக் கடிக்கும், மான் இலை தழையைப் பொறுக்கும், செம்மறி சரிவை விட்டு இறங்காது. எதுவும் எதையும் முட்டியதில்லை.

இதைப் பார்த்துக்கொண்டு தம்தினுக்குக் கறி இறங்குமா?

"பாத்தியா செவெல்மா அநியாயத்தை! தடியனுங்க முதல்ல குடிச்சிட்டுப் போறானுங்க. மான் பாவம், மிச்சத்துக்குக் காத்துக் கிடக்குது."

"குழி பறிச்சது யாரு? மானா, நீங்களா?" என்றாள் மனைவி.

"பறிச்சுட்டா? ஒரு வரிசை முறை வேணாமா?"

"ஒண்ணும் வேணாம். நம்ம ஆட்டுக்கு வேற தண்ணி கிடையாது. கையைக் காலை வெச்சிக்கிட்டு சும்மா இருங்க."

உலகத்தில் தம்தினால் முடியாத காரியம் அது ஒன்றுதான். ஓநாயை மிரட்ட ஆட்டுப்பட்டியைச் சுற்றிப் பழைய அங்கிகளைத் தொங்கவிடுவது அங்கே எல்லோரும் செய்வது. அதே உத்தி! குழியைச் சுற்றிக் கழி நட்டார், குதிரைமயிர்க் கயிறு கட்டினார், வீட்டிலிருந்த பழைய அங்கிகளையெல்லாம் மாட்டினார். அந்தியில் மாட்டினால் கழுதைகள் ஒதுங்கி நிற்கும், விடியலில் கழற்றினால் மான்களுக்கு முதல் பந்தி, கழுதைகள் அப்புறம். என்ன அருமையான ஏற்பாடு!

அங்கிகள் காற்றில் படபடத்தன. கழுதைகள் மூக்கை ஒரு தரம் உயர்த்திப் பார்த்துவிட்டு, போயே போய்விட்டன. காலையில் பந்திக்கு வந்த மான்கள் மணல் மூடிய பள்ளத்தை முகர்ந்துவிட்டுக் கழுதைகள் போன திக்கிலேயே நடந்தன. மத்தியானம் ஆடுகள் ஈர மணலை நக்கின. குட்டிகள் கத்தக்கூடத் தெம்பில்லாமல் படுத்துவிட்டன. தம்தின் மண்வெட்டியோடு இடுப்பளவு பள்ளத்தில் இறங்கித் தோண்டினார். ஒரு தொப்பி அளவு சேறு வந்தது. அங்கே ஊற்று கீழே போய்விட்டது. அடுத்த ஊற்று எங்கே என்பது கழுதைக்குத்தான் தெரியும்.

அப்போது பக்கத்துக் கூடாரத்து பல்ஜிர் மோட்டார் சைக்கிளில் வந்து நின்றான்.

"அக்கா! ஆத்தோட மேல் வளைவுல கழுதைங்க புதுக் குழி போட்டிருக்கு. மானுங்களும் அங்கதான். ஆட்டை ஓட்டிக்கிட்டு வாங்க."

"இதோ வரேன்," என்று தம்தின் பள்ளத்திலிருந்து ஏறினார்.

"அண்ணே, உங்களைச் சொல்லலை. நீங்க மட்டும் வராதீங்க!"

குட்டிகளைப் பல்ஜிரின் வண்டியில் ஏற்றிவிட்டு, செவெல்மா மந்தையை ஓட்டிக்கொண்டு போனாள். தம்தின் ஒரு பாறைமேல் ஏறித் தூரக்கண்ணாடியில் பார்த்தார். ஆடுகள் குனிந்தன, குடித்தன, குட்டிகள் எழுந்து நின்றன. அப்பாடா! மனுஷனுக்குக் கண் கலங்கிவிட்டது. நிஜமான சந்தோஷம். துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"செவெல்மா! அந்தக் கறுப்பு ஆடு ரெண்டாம் தடவை குடிக்குது, பிடி அதை!"

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் ஒன்று. படித்துக்கொண்டு வரும்போதே, 'கயிற்றை ஒரு பக்கம் மட்டும் கட்டியிருந்தால் சரியாக வந்திருக்குமே' என்று உங்களுக்கு ஒரு யோசனை ஓடியதா? ஓடியிருந்தால், உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன், அந்த மேல் வளைவுப் பக்கம் போய்விடாதீர்கள். ஆடுகள் இப்போதுதான் வயிறாரக் குடிக்கின்றன.