வாள்காரன் திறக்காத கதவு

நான் துணிச்சல்காரன் என்று ஒரு பெண்ணை நம்பவைக்க எனக்கு ஒரேயொரு ஞாயிற்றுக்கிழமை கிடைத்தது. அதைக் கெடுத்தது நானே தேடிப்பிடித்த விளையாட்டு.

யுத்த காலம். கொழும்பு வெள்ளவத்தையில், குகனின் மாடிவீட்டில் ஞாயிறுதோறும் கரம்போர்ட் ஆடுவோம்: குகன், அவன் தங்கை சுகந்தி, ரவி, நான். ஒருநாள் சிவப்புக் காய்க்காகக் குகனும் ரவியும் முறைத்துக்கொண்டார்கள். கூட்டம் கலைந்தால் சுகந்தியைப் பார்க்க எனக்கு வேறு சாட்டு இல்லை. லண்டனிலிருந்து வரவிருந்த மாமாவிடம், "ஆளுக்காள் போட்டி போடாத விளையாட்டு ஒண்டு வேணும் மாமா" என்று கெஞ்சினேன்.

மாமா இரண்டு சொன்னார். ஒன்றில் எல்லோரும் சேர்ந்து தோட்டம் போடவேண்டும். மற்றதில் நாலு வீரர்கள் ஒன்றாகப் பாதாளக் கோட்டைக்குள் போய், பூதங்களை அடித்துப் புதையல் எடுக்கவேண்டும். கத்தரிக்கன்று நட்டு வீரத்தைக் காட்ட முடியாதே! (என்ன மூளை!) கோட்டையையே கேட்டேன்.

பெட்டி வந்தது. வாள்காரன் பொம்மையை நான் பிடுங்கிக்கொண்டேன். வைத்தியர் சுகந்திக்கு. சுற்றுக்கு ஒரு தீப்பந்தச் சீட்டு குறையும். சீட்டு முடிந்தால் நாலு பேருக்கும் தோல்வி. முதல் கதவடிக்கு வந்தோம்.

"திற மச்சான்" என்றான் ரவி.

"உள்ளுக்கை ஆர் நிக்கினமெண்டு தெரியாமல் எப்பிடித் திறக்கிறது?" என்றேன் நான்.

"அதுவும் சரிதான்" என்றான் குகன். "கொஞ்சம் பொறுத்துப் பாப்பம்."

பழக்கதோஷம். அந்த நாட்களில் கொழும்பில் எந்தத் தமிழன் யோசிக்காமல் கதவு திறந்தான்? ஒரு மணித்தியாலம் நடைவழியிலேயே நின்றோம். பின்வழி இருக்கிறதா என்று ரவி பலகையைப் புரட்டிப் பார்த்தான், குகன் அவனுக்கு உதவி செய்தான். அந்த மட்டில் என் தெரிவு வெற்றிதான்.

"இப்பிடியே நிண்டால் பூதம் எங்களைத் தேடி வரும்" என்றாள் சுகந்தி.

அப்போது வீட்டுக் கதவை யாரோ தட்டினார்கள். பலமாக, மூன்று தரம்.

கொழும்பில் தமிழர் தங்குமிடத்தைப் பொலிஸில் பதியவேண்டும், தவறினால் பிடித்துக்கொண்டு போவார்கள்; என் பதிவோ இன்னும் கொட்டாஞ்சேனைப் பழைய அறை விலாசத்திலேயே கிடந்தது. அடுத்து எனக்கு நினைவிருப்பது, குளியலறையில் தண்ணீர் வாளிக்குப் பக்கத்தில் குந்தியிருந்ததுதான். கையில் வாள்காரன்.

"ஆர்?" என்று சுகந்தி கேட்பதும் தாழ்ப்பாள் விலகுவதும் கேட்டன. பிறகு சிங்களத்தில் சிரிப்பும் கதையும். கீழ்வீட்டு அக்கா, குகன் வீட்டுப் பாத்திரத்தைத் திருப்பித் தர வந்திருக்கிறார், அது நிறையக் கொக்கிஸ் பலகாரத்துடன்.

"வாள்காரர் வெளியில வரலாம்" என்றாள் சுகந்தி. "பூதம் பலகாரம் தந்திட்டுப் போட்டுது."

பந்தம் அணைந்து, ஒரு பூதத்தையும் காணாமலே அன்று தோற்றோம்.

அப்படிப்பட்டவனைச் சுகந்தி ஏன் கட்டினாள் என்று அவளைத்தான் கேட்கவேண்டும். கேட்டால், "அண்டைக்கு எனக்கும் கை நடுங்கினது. காண இவர் அங்கை இருக்கேல்லையே" என்பாள்.

இன்றும் எங்கள் வீட்டில் மணி அடித்தால் மகள் அறைக்குள் இருந்தே கத்துவாள்: "அம்மா, கதவு! அப்பா, பாத்ரூம்!"